இசைத்தட்டுக்கு ஒரு கை

2024-ஆம் ஆண்டின் பிற்பாதியில் என் விடுதி அறைக்கு வந்த நண்பர்கள் யாரும் மேசைமேல் இருந்த ஒரு பொருளைப் பற்றிக் கேள்வி கேட்காமல் போனதில்லை. "நகைக்கடைத் தராசா?" என்றார் ஒருவர். "கொக்கு ஒன்று ஒற்றைக் காலில் நிற்கிறதே, எந்தக் குளத்தில் பிடித்தாய்?" என்றார் இன்னொருவர். நம் சங்கத்தின் செயலாளர் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. "இதைப் பற்றி மலருக்கு ஒரு கட்டுரை கொடுத்துவிடு" என்று கட்டளையிட்டுவிட்டுப் போய்விட்டார். கேள்வி கேட்டவர்களே தேவலை என்று அப்போது தோன்றிற்று.

அது இசைத்தட்டுக் கருவியின் கை. 'டோன் ஆர்ம்' என்பார்கள். ஒரு முனையில் ஊசி, மறுமுனையில் எதிர்ப்பாரம், இடையில் ஒரு முளை. பார்க்கப்போனால் நம் ஊர்க் கிணற்று ஏற்றத்துக்கும் அதற்கும் உறவுமுறை உண்டு. ஏற்றம் நீர் இறைக்கிறது. இது பாட்டு இறைக்கிறது. அதை நம் பட்டறையில் நான் கடைந்து செய்தேன். 'நான் செய்தேன்' என்று எழுதும்போதே பேனா சற்றுத் தயங்குகிறது. அதன் காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் கதையைக் கோவில்பட்டியிலிருந்து தொடங்கவேண்டும்.

என் தாத்தா அங்கே கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம் என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடரான அந்தக் கலைஞர் 1964-இல் மறைந்தார். அதற்கு மறு வருஷம், வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவருடைய இசைத்தட்டு ஒன்றைத் தாத்தா வாங்கினார். தட்டை வாங்கிய பிறகுதான் அதை வாசிக்க ஒரு கருவியும் வேண்டும் என்ற நினைவு வந்ததாம். அதற்குப் பணம் சேர மேலும் மூன்று வருஷம் ஆயிற்று என்று பாட்டி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

2010-இல் எனக்கு வயது ஏழு. ஒரு மத்தியான வேளையில், வீட்டில் எல்லோரும் கண்ணயர்ந்திருந்தபோது, நான் அந்தக் கருவியிடம் போனேன். விசையைத் தட்டினேன், தட்டு சுழன்றது. கையைத் தூக்கி வைத்தேன். சத்தம் போதவில்லை என்று கையை மேலிருந்து அழுத்தினேன். அது வழுக்கிக்கொண்டு தட்டின் குறுக்கே ஓடிற்று. பயந்துபோய் இழுத்தேன், மூட்டோடு பெயர்ந்து வந்துவிட்டது. தாத்தா எழுந்து வந்து நின்றார். "பூனை வந்து தட்டிவிட்டது, தாத்தா" என்றேன். தாத்தா சன்னலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தட்டை எடுத்து வேட்டி முனையால் துடைத்து உறைக்குள் வைத்தார். அவ்வளவுதான்.

கருவியைச் சரிசெய்ய ஆள் கிடைக்கவில்லை. சில வருஷங்களில் அது பழைய சாமான்காரரோடு போயிற்று. தட்டு மட்டும் பீரோவில் தங்கிவிட்டது. சில சாயங்காலங்களில் தாத்தா அதை எடுத்து, வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்போதெல்லாம் நான் அந்தப் பக்கம் போகமாட்டேன்.

2024 கோடை விடுமுறையில் ஊருக்குப் போனபோது தாத்தாவின் காதில் கருவி மாட்டியிருந்தது. வலது காது ஏறக்குறையப் போய்விட்டது, இடது காதும் வருஷத்துக்கு வருஷம் இறங்கிக்கொண்டே வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் திரும்பி ரயில் ஏறும்போது ஒரு தீர்மானத்தோடு ஏறினேன்.

புதிதாக ஒரு கருவி வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கொடுத்திருக்கலாம். ஆனால் நான் உடைத்தது ஒரு கை. நான் கொடுக்கவேண்டியதும் ஒரு கைதான் என்று எனக்குப் பட்டது. அதோடு, இயந்திரவியல் நான்காம் ஆண்டு மாணவன் அல்லவா? கர்வமும் கொஞ்சம் இருந்தது.

கொல்கத்தாவில், மிர்ஸா காலிப் தெரு என்று பெயர் மாறிய பின்னும் பலர் ஃப்ரீ ஸ்கூல் தெரு என்றே சொல்லும் தெருவில், பழைய இசைத்தட்டு விற்கும் கடைகள் உண்டு. அங்கே கையில்லாத சுழல்மேடை ஒன்று மலிவாகக் கிடைத்தது. நிமிஷத்துக்கு 33⅓ சுற்று ஒழுங்காகச் சுற்றிற்று. அந்தக் கடையில் நின்றபோதுதான் ஒன்று உறைத்தது. அந்தக் காலத்து எச்.எம்.வி., கொலம்பியா தட்டுகள் கொல்கத்தாவை அடுத்த டம் டம் ஆலையில் அழுத்தப்பட்டவை. கோவில்பட்டி பீரோவில் இருக்கும் தட்டுக்கும் பிறந்த மண் இந்த வங்காளம்தான்! நாதம் அங்கே, அச்சு இங்கே.

இனிக் கொஞ்சம் கணக்கு. இலக்கிய மாணவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிக்கொண்டு போனாலும் கோபித்துக்கொள்ளமாட்டேன்.

இசைத்தட்டின் பள்ளம் ஒரு தலைமயிரைவிடக் குறுகியது. மயிர் 70 மைக்ரான் பருமன் என்றால், பள்ளத்தின் வாய் 50 அல்லது 60 மைக்ரான். மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறு ஒரு மைக்ரான். அந்தப் பள்ளத்தில் ஊசி சுமார் 2 கிராம் பாரத்தோடு உட்கார்ந்து போகவேண்டும். பாரம் மிகுந்தால் பள்ளம் தேயும். குறைந்தால் ஊசி துள்ளித் துள்ளிச் சுவரை இடிக்கும், அதுவும் தேய்மானம்தான். பள்ளம் தட்டின் மையத்திலிருந்து 146 மி.மீ. தூரத்தில் தொடங்கி, 60 மி.மீ. வரை சுருண்டு வருகிறது. மூலத்தட்டைச் செதுக்கிய இயந்திரத்தின் உளி நேர்கோட்டில் நகர்ந்தது. நம் கையோ ஒரு முளையைப் பற்றிக்கொண்டு வில்லாக வளைந்து வருகிறது. ஆகவே ஊசி பெரும்பாலும் பள்ளத்துக்குச் சற்றுக் கோணலாகவே நிற்கும்.

இந்தக் கோணலை எந்த அளவுக்குக் குறைக்கலாம் என்று ஸ்வீடனைச் சேர்ந்த லோஃப்கிரன் 1938-இலும், பேர்வால்ட் என்பவர் 1941-இலும் கணக்குப் போட்டு வைத்துவிட்டார்கள். அதன்படி 230 மி.மீ. நீளமுள்ள கைக்கு, முளை தட்டின் மையத்திலிருந்து 211.9 மி.மீ. தள்ளி நிற்கவேண்டும். ஊசி மையத்தைத் தாண்டி 18.1 மி.மீ. நீளவேண்டும். தலைப்பகுதி 24 பாகை உட்புறம் திரும்பியிருக்கவேண்டும். அப்படிச் செய்தால் மையத்திலிருந்து 121 மி.மீ., 66 மி.மீ. ஆகிய இரண்டு இடங்களில் கோணல் அறவே இராது. மற்ற இடங்களில் பொறுத்துக்கொள்ளலாம். தட்டின் உட்பகுதிதான் பொல்லாதது. ஓரத்தில் வினாடிக்கு 51 செ.மீ. ஓடும் பள்ளம் கடைசியில் 21 செ.மீ.தான் ஓடுகிறது. அதே ஸ்வரத்தைப் பாதிக்கும் குறைந்த இடத்தில் நெருக்கி எழுதியிருக்கும். வித்துவான் உச்சத்துக்குப் போவதும் பெரும்பாலும் அங்கேதானே!

நிற்க. நம் பட்டறையில் கடைசல் இயந்திரங்களைக் கவனித்துக்கொள்ளும் மூத்த மிஸ்திரியை எல்லோரும் 'தாதா' என்போம். வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன். முதல் ஆண்டில் சேரும் நம்மவர்கள் அவரைத் 'தாத்தா' என்று கூப்பிட்டு மனம் நோகச் செய்வது வருஷந்தோறும் நடக்கும் திருவிழா. அவரிடம் என் வரைபடத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். முளைக்கும் துளைக்கும் நூற்றில் ஒரு மில்லிமீட்டர் சுத்தம் என்று கம்பீரமாக எழுதியிருந்தேன். அவர் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அளக்கத் தெரியுமா?" என்று கேட்டார்.

"இரண்டாம் ஆண்டிலேயே அளவியல் முடித்துவிட்டேன், தாதா. நல்ல மதிப்பெண்."

அவர் இழுப்பறையிலிருந்து ஒரு மைக்ரோமீட்டரையும் ஓர் எஃகு உருளையையும் எடுத்து வைத்தார். அளந்தேன். 20.03 மி.மீ. என்று காட்டிற்று.

"உன் வகுப்பு அளந்த உருளை இதுதான். அளந்த கருவியும் இதுதான். வாயை மூடினாலும் பூஜ்யத்துக்கு வராது. மூன்று கோடு தள்ளித்தான் நிற்கும். உருளை சுத்தமாக 20. இதில் அளந்தால் 20.03 வரவேண்டும். உங்கள் ஏடுகளைப் பார்த்தேன். 20.00, 20.01, 19.99. ஒருவனும் 20.03 எழுதவில்லை."

ஏட்டில் அளவைச் 'சமைப்பது' நமக்குப் புதிய கலையா, நண்பர்களே? வரைபடத்தில் 20 என்று இருந்தது. ஒரு முறை கருவியைத் தொட்டேன். அதையும் ஒழுங்காகப் படிக்கவில்லை. ஐந்து அளவுகளையும் உட்கார்ந்த இடத்திலேயே சமைத்து, ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறைத்து, உண்மை போலத் தோன்றும்படி தாளித்தும் இறக்கினேன்.

"அப்போதே ஏன் சொல்லவில்லை, தாதா?"

"யாரும் கேட்கவில்லையே" என்றார்.

மறுநாளிலிருந்து வேலை தொடங்கிற்று. தாதா பழைய காலத்து ஆள். பேச்சில் அவருக்கு அளவு 'சுதோ'தான். சுதோ என்றால் நூல், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. எங்கள் ஊர்த் தச்சரும் "ஒரு நூல் தள்ளு" என்பார். அதே நூல், அதே எட்டில் ஒரு பங்கு. இதைச் சொல்லி நான் மகிழ்ந்துபோனேன். "ஒரு நூல் மூன்று மில்லிமீட்டருக்கும் மேலே, தம்பி. உன் வேலைக்கு அந்த நூலை முந்நூறாகக் கிழிக்கவேண்டும்" என்று அவர் என் மகிழ்ச்சியைச் சுருக்கினார்.

கையை ஒற்றை முனையில் நிறுத்துவது என்று முடிவு செய்திருந்தேன். ஒரு கூரிய எஃகு முளை. அதன்மேல் கவிழ்த்த ஒரு சிறு கிண்ணம். கை முழுவதும் அந்தக் கிண்ணத்தின் வழியாக முளைமேல் குடை போல நிற்கும். உரசுமிடம் ஒரு புள்ளிதான். கிண்ணத்துக்குத் தாதா வழி சொன்னார். பழைய சக்கர மின்மீட்டர்களில் சுழலும் தகட்டைத் தாங்க அடியில் செயற்கை நீலக்கல்லால் ஆன குழிக்கல் ஒன்று இருக்கும். மின்னணு மீட்டர்கள் வந்தபின் கழித்துப் போட்ட ஒன்றிலிருந்து அந்தக் கல்லைக் கழற்றித் தந்தார். மிளகளவுகூட இல்லை. கையில் வாங்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டேன்.

முளைக்கு 6 மி.மீ. சில்வர் ஸ்டீல் கம்பி. பெயரில்தான் வெள்ளி; உள்ளது கரி மிகுந்த எஃகுதான். மேல்சறுக்கியை 30 பாகை திருப்பிக் கூம்பாகக் கடைந்து, நுனியை எண்ணெய்க் கல்லில் உருட்டி மழமழப்பாக்கினேன். அதன்பின் அதைச் செம்பருத்திச் சிவப்பாகக் காய்ச்சித் தண்ணீரில் முக்கி, மறுபடி இளஞ்சூட்டில் வைக்கோல் நிறம் வரும்வரை பதப்படுத்தவேண்டும். கொல்லர் பாஷையில் துவைச்சல். நான் அதைச் செய்யவில்லை. நூற்றுச் சொச்சம் கிராம் தாங்க இவ்வளவு சடங்கு எதற்கு என்று நினைத்தேன். மூன்றாம் நாள், தள்ளினால் மிதந்து போகவேண்டிய கை திக்கித் திக்கிப் போயிற்று. பூதக்கண்ணாடியில் பார்த்தால் நுனி காளான் போல நசுங்கியிருந்தது. நூறு கிராம்தான், ஆனால் அது உட்கார்ந்திருந்த இடமோ ஊசிமுனை. இந்தக் கணக்கைத் தேர்வில் எத்தனை முறை எழுதியிருக்கிறேன்!

முளையாவது போகட்டும். எதிர்ப்பாரத்தில்தான் என் குட்டு வெளிப்பட்டது. 26 மி.மீ. குறுக்களவும் 20 மி.மீ. நீளமும் உள்ள பித்தளை உருளை. துளை போட்டபின் எண்பது கிராமுக்குச் சற்றுக் குறைவு. அதில் 10 மி.மீ. குழாய் நுழையத் துளை போடவேண்டும். ஆனால் மையத்தில் போடக்கூடாது. 4 மி.மீ. தள்ளிப் போட்டால்தான் பாரத்தின் பெரும்பகுதி குழாய்க்குக் கீழே தொங்கும். கை முழுவதன் பாரமையமும் முளை நுனிக்குக் கீழே இறங்கும். இல்லாவிட்டால் கை ஒரு பக்கமாகச் சாய்ந்து விழும். மூன்று தாடைச் சக் தானாக மையத்தைப் பிடித்துக்கொள்ளும். மையம் தள்ளிப் பிடிக்க நான்கு தாடைச் சக் வேண்டும். ஒவ்வொரு தாடையையும் தனித்தனியே திருகி, டயல் கேஜின் முள்ளைப் பார்த்துப் பார்த்து நகர்த்துவதற்குள் பழகியவர்களுக்கே நேரம் பிடிக்கும். எனக்குப் பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அப்போதே சந்தேகப்பட்டிருக்கவேண்டும்.

துளையைப் பெரிதாக்கிக்கொண்டே வந்தேன். கடைசி வெட்டில் சில கோடுகள் தாண்டிவிட்டன. கைப்பிடியை அதே கோடுகள் பின்னால் திருப்பிவிட்டு வெட்டினேன். எண் திரும்பிற்று, வெட்டுளி திரும்பவில்லை. திருகுக்கும் மரைக்கும் இடையே உள்ள தளர்வைத் தின்று முடித்த பிறகுதான் அது நகரும் என்பது புத்தகத்தில் உள்ளதுதான். துளை 10.2 மி.மீ. ஆயிற்று. குழாயில் மாட்டினால் லொடலொட என்று ஆடிற்று.

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். குறிப்பேட்டில் ஒரு துண்டுத் தாளைக் கிழித்துக் குழாயில் சுற்றி, பாரத்தை அதன்மேல் தள்ளினேன். கச்சிதமாக இறுகிற்று. தாதாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் நகத்தால் பாரத்தைச் சுண்டினார். 'டொக்' என்றது. "பித்தளை இப்படிப் பேசாதே" என்று சொல்லிப் பாரத்தை உருவினார். தாளைப் பிரித்து, நீவி, நான்காக மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. நான்கு திட்டுத் திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

அன்று மாலைதான் அவர் கேட்டார்: "இதை யாருக்காகச் செய்கிறாய்?" தாத்தாவைப் பற்றிச் சொன்னேன். தட்டைப் பற்றியும், காதைப் பற்றியும் சொன்னேன். என்னவோ தோன்றிப் பூனையைப் பற்றியும் சொல்லிவிட்டேன். பதினான்கு வருஷத்தில் அதை முதன்முதலாகச் சொன்னது ஒரு பட்டறையில், பாதித் தெரிந்த இந்தியில். தாதா சிரிக்கவில்லை. "காது காத்திருக்காது. பித்தளை இன்னும் இருக்கிறது. நாளைக்கு வா" என்றார்.

இரண்டாவது பாரம் சக்கிலிருந்து நழுவி வடுப்பட்டது. மூன்றாவது தேறிற்று, டயல் கேஜோடு முக்கால் மணி நேரம் மன்றாடிப் பிடித்தது அது. செப்டம்பர் 17, விசுவகர்மா பூஜை. நம் ஊர் ஆயுத பூஜை போல அன்று வங்காளத்துப் பட்டறைகளில் எந்த இயந்திரமும் ஓடாது. தாதா சிலையின் முன் அடுக்கியிருந்த உளிகளுக்கும் சாவிகளுக்கும் நடுவே என் மூன்றாவது பாரமும் இருந்தது. முதலிரண்டும் கழிவுப் பெட்டியில் இருந்தன என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். கைக்கு அலுமினியக் குழாய். ஊசியின் இடத்தில் உணரப்படும் பாரம் சுமார் 11 கிராம் வந்தது. அதையும் ஊசிப்பெட்டியின் பாரத்தையும் அதன் நெகிழ்ச்சியையும் வைத்துக் கணக்கிட்டால், கை தானாக ஊசலாடும் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 10 முறை. அதுவே வேண்டியது. தட்டின் நெளிவுகள் அதற்குக் கீழே அடங்கும். காதில் விழும் ஓசைகள் அதற்கு மேலேதான் தொடங்கும். ஊசியின் கோணத்தைச் சரிபார்க்க ஒரு வரைபடத்தை அச்சடித்தேன். தாளில் 211.9 என்று போட்டிருந்த கோட்டை எஃகு அளவுகோலால் அளந்தால் 208-தான் இருந்தது. அச்சு இயந்திரம் தாளுக்கு அடங்குவதற்காகப் படத்தைச் சுருக்கியிருந்தது! நான்கு மாதத்துக்கு முந்திய நானாக இருந்தால் தாளை நம்பியிருப்பேன்.

முதல் இரவு ஒலிபெருக்கியில் வந்தது பாட்டல்ல, ரீங்காரம். நீலக்கல் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே குழாய்க்குப் பூமியோடு இணைப்பே இல்லை. நான்கு மயிரிழைக் கம்பிகளோடு ஐந்தாவதாக ஒன்றைக் குழாயில் சேர்த்ததும் ரீங்காரம் நின்றது. மறுநாள் தாதா அறைக்கு வந்தார். பழைய ரவீந்திர சங்கீதத் தட்டு ஒன்றை வைத்தேன். ஒரு பக்கம் முழுவதும் கேட்டார். கடைசிப் பாட்டு வந்தபோது கொஞ்சம் முன்னால் சாய்ந்துகொண்டார். முடிந்ததும், "ஊசியின் பாரம் எவ்வளவு?" என்றார்.

"ஐந்து முறை நிறுத்தேன், தாதா. 2.02, 2.02, 2.01, 2.02, 2.02."

"சரி" என்று எழுந்து போனார்.

2025 பொங்கலுக்குச் சென்னை மெயிலிலும் பிறகு நெல்லை எக்ஸ்பிரஸிலுமாகக் கருவியை மடியிலும், கையைத் தனியே ஒரு சாப்பாட்டு டப்பாவில் பஞ்சுக்குள்ளும் வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். மாட்டுப் பொங்கலன்று காலை எல்லாவற்றையும் பூட்டி முடித்தேன். தாத்தா காதுக்கருவியைக் கழற்றிவிட்டார். அதன் வழியாக நாதஸ்வரம் கேட்டால் தகர டப்பாவாக இருக்கிறதாம். நாற்காலியை ஒலிபெருக்கியை ஒட்டி இழுத்துப் போட்டு, இடது காதைக் கொடுத்து உட்கார்ந்தார். தட்டை அவரே உறையிலிருந்து எடுத்துச் சுழல்மேடையில் வைத்தார். "கையை நீயே வை" என்றார்.

வைத்தேன். என் விரல் நடுங்கியது கைக்குத் தெரியவில்லை. அது பாட்டுக்கு இறங்கிப் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டது. ஒத்து ஒலித்தது. பிறகு நாதஸ்வரம் எழுந்தது. பாட்டி அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்து வாசற்படியில் நின்றாள். தாத்தா கண்ணை மூடியிருந்தார். தொடையில் விரல் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஊசி பாதித் தட்டைத் தாண்டி உள்ளே போக, ஆலாபனை மேலே மேலே ஏற, உட்பகுதியிலும் நாதம் பிசிறில்லாமல் நின்றது. நான் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீறல் நெருங்கிக்கொண்டிருந்தது.

பதினைந்து வருஷம் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்த மனிதர். அந்தக் கீறல் எந்த ஸ்வரத்தின்மேல் விழுந்திருக்கும் என்று கணக்கு வாத்தியாருக்குத் தெரியாதா? கண்ணைத் திறக்காமலே ஒரு விரலை உயர்த்தினார்.

"ஏலே, இப்ப வரும் பாரு உன் பூனை."

'டக்' என்றது. தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.8 வினாடி. மறுபடியும் 'டக்'. மறுபடியும்.

"தாத்தா" என்றேன், அவருடைய நல்ல காதருகே குனிந்து. "அது பூனை இல்லை, தாத்தா."

"சன்னல் சாத்தியிருந்துச்சே, பூனை எப்படிலே வரும்? பேசாம கேளு. தவில் வருது."